ஐந்நூற்று எண்பது

ஒரு கை எப்போதும் கால்சட்டைப் பைக்குள்.
இரு கையாலும் தொட்டால்
மின்சாரம் நெஞ்சு வழியே குறுக்குப் பாதை பிடிக்குமாம்.
லுபோர் அப்படித்தான் சொல்கிறான்,
மறு கையில் ஸ்க்ரூடிரைவரோடு.

சமையல் மேசையில் மின்தேக்கிகள்,
சூப் சிந்திய சுற்றுப்படம்.
ஈயின் சிறகைவிட மெல்லிய படலத்தை
சைக்கிள் டியூபில் காற்றடித்து, விறைக்க இழுத்து ஒட்டினான்.
டியூப் என்னுடையது. கேட்கவில்லை.

மூன்று வாரமாக இடது காது ஊமை.
இன்று, குழந்தையின் காய்ச்சலைச் சொல்வதுபோல்
மீட்டரைப் பார்த்துச் சொன்னான்:
ஐந்நூற்று எண்பது வோல்ட்.

நான் சிரிக்கவில்லை.
பகலெல்லாம் ப்ர்னோவின் பனியில்
அறுநூறு வோல்ட் தலைக்குமேல் உரச
டிராம் ஓட்டிவிட்டு வந்திருக்கிறேன்,
இரண்டு கையாலும்.

"கேள்."
செல்லோ. அதற்கும் முன்னால்
வாசிப்பவர் மூக்கால் இழுத்த மூச்சு,
யாரோ நாற்காலியை நகர்த்துவது.
பிறகு இடது காதில் மட்டும்
நீளமாக ஒரு கிரீச்.

என் முகத்தைப் பார்த்தே அவன் முகம் விழுந்தது.
மறுபடியும் கசிவா, படலமா, பசையா?

"நாலாம் எண்," என்றேன்.
"கீழே, வளைவில்.
பின்பெட்டிச் சக்கரம். திங்கட்கிழமையே எழுதிக் கொடுத்தேன்."

ஜன்னலைச் சாத்தத்தான்
பைக்குள்ளிருந்த கையை எடுத்தான்.