நிலுவை

நூற்றேழு வினாடி வானம்.
அவ்வளவுதான் ஒரு பொட்டலம்.
புவேர்ட்டோ ரிக்கோவில், மலைகளின் குழியில்
மல்லாந்து கிடந்த ஒரு பெரும் வாணலி
அள்ளிய இரைச்சலைத் துண்டு துண்டாய் நறுக்கி
கேட்டவர்க்கெல்லாம் அனுப்பினார்கள்.
ஓஸ்ட்ராவாவுக்கும் வந்தது,
டிராம் பணிமனைக்குப் பின்னால், நான்காம் மாடி,
சமையலறை மூலையில் இருந்த என் கணினிக்கு.

நான் இரவுப் பணிக்குப் போனபின் அது வேலை செய்யும்.
பெட்டி எப்போதும் வெதுவெதுப்பாய் இருக்கும்.
சனிக்கிழமைகளில் அதன்மேல்தான்
கொலாச் மாவைத் துணிபோட்டு வைப்பேன், பொங்கி வர.
நட்சத்திரங்களால் இந்த வீட்டுக்குக் கண்ட லாபம்
அந்த மாவு மட்டும்தான் என்பார் போர்ஷிவோய்.
மின்கட்டணச் சீட்டை நான்காய் மடித்து
என் காப்பிக் கோப்பைக்கு அடியில் வைப்பார்.
வேறு பேச்சு இல்லை.

ஒரு விஷயம் எனக்குத் தெரிய வெகுநாள் ஆயிற்று:
ஒரே பொட்டலம் இரண்டு பேருக்குப் போகும்.
யாரும் யாரையும் நம்ப வேண்டியதில்லை.
இருவர் விடையும் பொருந்தினால்தான் கணக்கில் எழுதுவார்கள்.
அதுவரை என் பெயருக்கு எதிரே ஒரே சொல்,
நிலுவை.

அந்த இன்னொருவர் பெயர் தெரியாது. ஒரு எண்.
நாடு என்ற கட்டத்தில்: சிலி.
பழைய இயந்திரம். நான் ஆறு மணி நேரத்தில் முடித்ததை
நான்கு நாளாய் மென்றுகொண்டிருந்தது.
மின்சாரம் போய்ப் போய் வரும் வீடாக இருக்கலாம்.
பிள்ளைகள் விளையாட வேண்டும் என்று
நடுவில் நிறுத்தியிருக்கலாம்.
திரும்பி வரும் டிராம்களை எண்ணி எண்ணி உள்ளே வாங்கும்போது
சிலியில் இப்போது மணி என்ன
என்று கணக்குப் போட ஆரம்பித்தேன்.

ஐந்தாம் நாள் வந்தது.
பொருந்தியது.
அவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை,
எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை.
முகம் தெரியாத இரண்டு பேர்
ஒரே ஒன்றுமில்லையைக்
கடைசித் தசமம் வரை ஒப்புக்கொண்டிருந்தோம்.
உங்களோடு எதிலும் நான் இப்படி ஒத்துப்போனதில்லை
என்றேன் போர்ஷிவோயிடம், சிரித்துக்கொண்டு.

அவர் சிரிக்கவில்லை.
சீட்டை விரித்தார். மறுபடி மடித்தார்.
சுரங்க மீட்புக் குழுவில் இருந்தவர்;
அதைப் பற்றி அதுவரை வாய் திறந்ததில்லை.
"குழாயில் மூணு தட்டு தட்டுவோம்.
அப்புறம் எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு
காதைக் குழாயில் வைப்போம்.
தண்ணி சொட்டும். பாறை முனகும்.
அதையெல்லாம் கழிச்சிட்டு மிச்சத்தைக் கேக்கணும்.
ஒரே ஆளுக்குக் கேட்டா எழுத மாட்டாங்க.
ஆசையும் காதுக்குள்ள தட்டும்.
இன்னொருத்தன் வந்து கேக்கணும்."

கேட்டதா, என்றேன்.

எழுந்து போய் மாவைத் தொட்டுப் பார்த்தார்.
"பொங்கிடுச்சு," என்றார்.

சீட்டு அதற்குப் பிறகும்
கோப்பைக்கு அடியில் வந்துகொண்டுதான் இருந்தது,
பணம் கட்டிய முத்திரையோடு.

பிறகு ஒரு மார்ச்சில்
பொட்டலங்கள் நின்றன. திட்டத்தை முடித்துக்கொண்டார்கள்.
திரையில் வந்தது: வேலை இல்லை.
இந்த ஊருக்குப் படித்துப் பழகிய வாசகம்,
ஒவ்வொரு சுரங்க வாசலிலும் ஆணியடித்து வைத்தது.
பெட்டி குளிர்ந்தது. அந்தச் சனிக்கிழமை
மாவு கல்லாய்க் கிடந்தது.

என் பட்டியலில் இன்னும் ஒரு பொட்டலம் மட்டும்
நிலுவை. சிலி. அதே எண்.
நான் முடித்துவிட்டேன், அவர் இன்னும் இல்லை.
கெடு தாண்டினால் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.
யார் முடித்தால் என்ன என்று
என்னால் இருக்க முடியவில்லை.

இங்கே காலை ஐந்து மணி,
முதல் டிராம் வளைவில் கிறீச்சிட்டுத் திரும்புகிறது.
அங்கே இரவு ஒன்று.
போர்ஷிவோய் காலுறையோடு வந்து நின்றார்.
"வந்துச்சா?"
இன்னும் இல்லை, என்றேன்.
நாற்காலியை இழுத்துப் போட்டார்.