நான்கெல்லை

ஏழாம் கட்டத்தில் நான்கெல்லை கேட்கிறது படிவம்.
கிள்ளை பஸ்ஸில் வந்திறங்கியவள் காத்தாயி,
கெண்டைக்காலில் சேறு காய்ந்து வெளுத்திருக்க.
சிதம்பரம் சார் ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே
மனு ஒன்றுக்கு நாற்பது ரூபாய் எனக்கு.

வடக்கே என்ன?
"வத்தத்துலயா, ஏத்தத்துலயா?" என்றாள்.

இருபத்தோரு வருஷம் எழுதியிருக்கிறேன்
இன்னார் நஞ்சைக்குத் தெற்கு
இன்னார் கொல்லைக்கு மேற்கு
இதற்குட்பட்ட.
எந்த இன்னாரும் பகலில் ஒருமுறை
இரவில் ஒருமுறை
எழுந்து நகர்ந்ததில்லை.

"கெழக்க தில்லைமரம். அதுக்கு அப்பால போகமாட்டோம்,
பாலு தெறிச்சா கண்ணு போயிடும்."
பேரில் மட்டும் தில்லை வைத்திருக்கும் ஊரில்
உட்கார்ந்து அதை எழுதினேன்.

எம்முறையில் பிடிக்கப்படுகிறது?
கேட்டிருக்கிறார்கள், கேட்டேன்.
பறியைப் பல்லில் கவ்வி
தண்ணீரில் தவழ்ந்து கையால் துழாவுவதை
மேசைமேல் செய்து காட்டினாள்.
மைக்கூடு தப்பியது.
"சினை எறாலுன்னா கை சொல்லும். வுட்டுடுவோம்.
வலைக்கு அது தெரியாதில்ல."

பதினோராம் கட்டம்: பாதுகாத்ததற்கு ஆதாரம்.
இங்கே வந்ததும் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள்.
அவள் சுருக்குப்பையைப் பார்த்தாள்.
பால்கவரில் சுற்றிய ஒரு தாள்,
வனத்துறைக் கூலிச் சீட்டின் நகல்,
தொண்ணூற்றெட்டு, ஆகஸ்டு.
வெண்கண்டல் நாற்று நட்ட வகையில் ஆள் முப்பத்தேழு.
காத்தாயி க/பெ தொப்பளான், ஆறாவது பெயர்.

அந்த நாற்றுகள் இப்போது மரம்.
மரங்களுக்கு நடுவே
அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர்.
அந்தப் பலகை நட்டதற்கும் சீட்டு இருக்கிறதா என்றேன்.
"அதுக்கு வேற ஆளு வந்தாங்க."

மதியம் குமாஸ்தா திருப்பிவிட்டார்.
ஒரு கட்டத்துக்கு ஒரு விடைதான்,
வடக்கில் இரண்டு எழுதியிருக்கிறீர்.

ஒன்றை அடித்துவிடலாமா, ஏற்றத்தையாவது?
"தண்ணி வராத எடத்துல நான் எதுக்கு?" என்றாள்.
கோபமில்லை. கணக்குத் தப்பிய பிள்ளையிடம் பேசுவதுபோல.

சரி, தனித்தாளில் எழுதி இணைக்கிறேன்,
நேரம், ஓதம், எந்த ஓடை எவ்வளவு என்று.
அடுத்த திங்கள் மனுநாள், வந்துவிடு.

விரல் மடக்கி எண்ணினாள்.
"அது அமாவாசைக்கு மறுநாளு. நல்லா வத்தும்.
அதுக்கு அடுத்த திங்கள்னு எழுதிக்க."

எழுதிக்கொண்டேன்.