கட்டம் பதினொன்று

பதினோராவது கட்டத்தில் கேட்டிருக்கிறார்கள்:
எதிர்பார்க்கும் சம்பளம், ஆண்டுக்கு, யூரோவில்.
மற்ற பத்தும் முடிந்துவிட்டன.
சிப்காட்டில் ஒன்பது வருடம்,
மாத்திரைக்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது
என்று சொல்வது என் வேலை.
எனக்கு எவ்வளவு என்றுதான்
இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.
இவ்வளவுதான் என்பார்கள், சரி என்பேன்.
ஒருமுறை மூவாயிரம் கூட்டிக் கேட்டேன்.
ஹெச்ஆர் சிரித்த சிரிப்பு
ஆசிட் ரூம் கதவைத் திறந்தது போல
இன்னும் கண்ணில் எரிகிறது.

பரிதி கால்குலேட்டரோடு உட்கார்ந்திருந்தான்.
முப்பத்தெட்டாயிரம் என்று வைத்து
தொண்ணூற்றைந்தால் பெருக்கினான்.
முப்பத்தாறு லட்சத்துப் பத்தாயிரம்டி
என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு,
மேல்வீட்டுக்குக் கேட்டிருக்குமோ என்று
ஃபேனைக் கூட்டி வைத்தான்.

மேல்வீடு கலியமூர்த்தி சார்.
மஞ்சக்குப்பத்தில் இந்தக் கீழ்வீட்டுக்கு
ஏழாயிரத்து ஐந்நூறு, மோட்டாருக்கு இருநூறு தனி.
சுவரில் இடுப்பளவுக்கு ஒரு பழுப்புக் கோடு,
கெடிலம் உள்ளே வந்து நின்ற உயரம்.
எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும்
ஐப்பசியில் திரும்பி வரும்.
அந்தக் கோட்டைக் காட்டி ஐந்நூறு குறைக்கச் சொன்னேன்.
"அதுக்குத்தாம்மா மொதல்லயே கொறச்சிருக்கேன்."

ஃபேனையும் மீறிச் சேதி மாடியேறிவிட்டது.
மறுநாள் நாலு கொய்யாப்பழத்தோடு வந்து நின்றார்.
"டப்ளின்ல நம்ம அருள்ஜோதி இருக்கானே,
அஞ்சு வருஷமா. தனி வீடு.
ஜன்னலைத் தொறந்தா ஆறு.
நம்பர் தரேன், பேசும்மா."
படியில் பாதி ஏறியவர் திரும்பினார்.
"தையிலேர்ந்து ஒம்பதாயிரம் வச்சிக்கலாம்.
இனிமே உங்களுக்கென்ன."
சம்பளம் இன்னும் பிறக்கவேயில்லை,
அதற்குள் அதன் பேரில் ஒரு வாடகை.

ராத்திரி பதினொன்றரைக்கு
அருள்ஜோதி குரலில் பேசி அனுப்பியிருந்தான்,
ரகசியம் போல, மெதுவாக.
"அக்கா, முப்பத்தெட்டு போட்டுடாதீங்க.
வரி போக ரெண்டாயிரத்து அறநூறு கைக்கு வரும்.
ஒத்த ரூம் வீடே ஆயிரத்தித் தொள்ளாயிரம்.
பாக்கப் போனா வாசல்ல நாப்பது பேர் நிப்பாங்க.
முன்ன இருந்த வீட்டுக்காரர் லெட்டர் கேப்பாங்க,
அப்பாகிட்ட இப்பவே எழுதி வாங்கிக்குங்க."
இடையில் யாரோ குறட்டை விடும் சத்தம்.
"அது பிரேசில்காரரு. நைட் ஷிஃப்ட்டு.
பகல்ல என் கட்டில் அவருக்கு.
எந்திரிக்கட்டும்னு உக்காந்திருக்கேன்.
ரூமுக்கு நாலு பேரு, ஆளுக்கு ஐந்நூறு.
ஆறு தெரியும்க்கா, பொய்யில்ல.
சமையக்கட்டு ஜன்னல்ல, ஸ்டூல் மேல ஏறுனா.
அப்பாகிட்ட சொல்லிடாதீங்க."

இரண்டு முறை கேட்டேன்.
இரண்டாவது முறை அந்தக் குறட்டையை மட்டும்.

ஒன்பதாயிரத்துக்குச் சரி என்ற பிறகு
கலியமூர்த்தி சார் லெட்டர் எழுதினார்.
தாசில்தார் வேலை விட்டு எட்டு வருடம்,
இன்னும் பச்சை மை.
ஐந்தாம் தேதி தாண்டியதில்லை,
சுவரில் ஆணி அடித்ததில்லை,
என்று அழுத்தமான இங்கிலீஷில் என்னைப் பற்றி.
வெள்ளம் வந்ததை எழுதவில்லை.
காகிதத்தை ஊதிக் காயவைத்தபடி கேட்டார்:
"பையன் வீடு எப்படி இருக்காம்?"

"ஆறு தெரியுதாம் சார்."

"சொன்னேன்ல" என்றார்.
கையெழுத்துக்கு அடியில்
கேட்காமலே ஒரு கோடு இழுத்தார்.

இன்று காலை கட்டம் பதினொன்றில்
நாற்பத்தேழாயிரம் என்று போட்டேன்.
ஹெச்ஆர் சிரித்தது கேட்டது.
இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டேன்.

எட்டிப் பார்த்தேன்.
பரிதி அதைப் பெருக்கவில்லை.
ஆயிரத்தைந்நூறைப்
பன்னிரண்டால் பெருக்கிக்கொண்டிருந்தான்.