அறை

திரையில் கன்னத்தைப் பொத்திக்கொள்பவன் லெவ்தெரிஸ்.
அந்த அறையின் ஓசை மட்டும் என்னுடையது.

கிப்செலியில் ரொட்டிக்கடைக்குக் கீழே நிலவறை.
ஒரு மைக், ஒரு முக்காலி, மீதி இருட்டு.
சுவரில் ஓடும் படத்தில் முதலாளி கை ஓங்குவார்.
நான் என் தொடையில் ஒன்று போடுவேன்.
பளார்.
மாமியார் அறைந்தாலும் பளார்,
காதலி அறைந்தாலும் அதே பளார்.
ஐம்பத்தெட்டில் மட்டும் பதினோரு படம்.
தொடை கன்றிப் போய்
கசாப்புக்காரரிடம் மாட்டு விலா ஒரு துண்டு வாங்கி
அதை அறைந்தேன்.
வேலை முடிந்ததும் அதையே குழம்பு வைத்தேன்.
பஞ்சாய் வெந்திருந்தது,
வாங்கிய அடி அப்படி.

லெவ்தெரிஸை நேரில் பார்த்தது ஒரு பிப்ரவரியில்.
கடற்கரைக் காட்சி. கோடைகாலமாம்.
அரைக்கால் சட்டையோடு நிற்கிறான்,
வாய்க்குள் ஐஸ்கட்டி,
மூச்சு புகையாகிக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதென்று.
துப்பிவிட்டு வசனம் சொன்னான்:
"அடடா, மணல் என்னமாய்ச் சுடுகிறது!"
விளக்குப் பையன்கள் போர்வைக்குள் குலுங்கினார்கள்.
யாரோ என்னைக் காட்டிச் சொல்லியிருக்க வேண்டும்.
நீலம் பாரித்த உதட்டோடு வந்து
"எவாந்தியா நீங்கள்தானா? இத்தனை வருஷமாக..."
என்று கன்னத்தைத் திருப்பிக் காட்டினான்.
நான் அறையவில்லை.
உள்ளங்கை மட்டும் குறுகுறுத்தது.

பிறகுதான் அந்த விருந்துக் காட்சி.
பசித்த குமாஸ்தாவை மாப்பிள்ளை என்று நினைத்து
பணக்கார வீட்டு மேஜையில் உட்கார்த்துகிறார்கள்.
முழுக்கோழி. பிளாஸ்டரில் வார்த்து
பழுப்பு வர்ணம் அடித்தது.
வெட்டப் போவான், வழுக்கும்,
மேஜைக்கடியில் தவழ்ந்து துரத்துவான்.
எலும்புக்கு நான் செலரித் தண்டை ஒடித்தேன்.
அவன் வாய்க்காக ஆப்பிள் கடித்தேன்.

ஏழாவது முறை ஓட்டியபோது கண்ணில் பட்டது.
கேமரா மாமியார் பக்கம் திரும்புகிற நேரம்,
சட்டத்தின் ஓரத்தில்,
மேஜைத் துணியில் கிடந்த ரொட்டித் துகளை
(ரொட்டி மட்டும் நிஜம்)
விரல் நுனியால் ஒற்றி எடுத்து
நாக்கில் வைத்துக்கொள்கிறான்.
வசனத் தாளில் அது இல்லை.

நாற்பத்தொன்றின் குளிர்காலத்தில்
இந்த நகரத்தில் இருந்தவர்களுக்கு
அந்த விரலைத் தெரியும்.
என் அண்ணனுக்கும் இருந்தது,
ஜனவரி வரை.

இதற்கு என்ன ஓசை போடுவது?
கண்ணாடிக்கு அந்தப்பக்கம் விரலைச் சுழற்றினார்கள்:
அடுத்தது, அடுத்தது.
ஒன்றும் போடாமல் விட்டேன்.

ஜூலையில் திறந்தவெளிக் கொட்டகையில் இரண்டாம் ஓட்டம்.
சரளைக்கல் தரை, சுவரேறிய மல்லிகை,
பூசணி விதை கொறிக்கும் ஐந்நூறு வாய்.
சுற்றிலும் பால்கனிகளில்
டிக்கெட் வாங்காத குடும்பங்கள்,
உள்பனியன் அப்பாக்கள், தர்பூசணித் தட்டுகள்.
கோழி வழுக்கியது.
நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன்.
அந்த விரல் வந்தது.
விதை கொறிக்கும் சத்தம் நின்ற மாதிரி இருந்தது.
இரண்டு நொடி.
நான் அப்படி நினைத்துக்கொண்டதாகவும் இருக்கலாம்,
தெருவில் டிராலி பஸ் வேறு போனது.

முதலாளி கை ஓங்கினார்.
பளார்.
மூன்றாம் மாடியில் ஒரு குழந்தை விழித்து வீறிட்டது.
கொட்டகையே விலா நோகச் சிரித்தது.

நல்ல விலா அது.
எலும்போடு இரண்டு கிலோ.
கசாப்புக்காரருக்கு இன்னும் பாதிப் பணம் பாக்கி.