புள்ளி இல்லாத எண்

பூந்தா அரேனாஸில் காற்று வீசுவதில்லை,
குடியிருக்கிறது.
அதை அளக்க ஒரு பெட்டி செய்தாள் ஹிமேனா பார்ரியா.
பெட்டி சொல்வதைத் திரையில் காட்டும் மென்பொருள் என்னுடையது.
நடுவில் என்ன மொழி என்பதுதான்
ஜூன் முழுக்க எங்கள் சண்டை.

எழுத்தாகவே அனுப்புவோம் என்றது அவள்தான்.
கம்பத்தின் உச்சியில், உறைபனியில்,
மடிக்கணினியை முழங்காலில் இடுக்கிக்கொண்டு
கண்ணால் படிக்கப்போகிறவள் அவள்.
கட்டளை ஒற்றை எழுத்து,
கையுறை விரலுக்கு அதற்குமேல் ஆகாது.
பின்னால் ஒரு கேள்விக்குறி, ஓர் எண்டர்.
வரிக்கு அறுபத்து நான்கு எழுத்து.
மிஞ்சினால் என் பெட்டி
நீ எங்கே தொடங்கினாய் என்பதை மறந்துவிடும், என்றாள்.

வரி முடிந்ததை எப்படிச் சொல்வது?
தட்டச்சு யந்திரத்தின் இரண்டு அசைவுகள்:
வண்டி திரும்புவது, தாள் ஒரு படி ஏறுவது.
எங்களிடம் வண்டியும் இல்லை, தாளும் இல்லை.
இருந்தும் இரண்டையும் அனுப்பச் சொன்னேன்.
ஒன்று போதும் என்று
இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.
பதில் வராவிட்டால்?
மூன்று தடவை கேள்.
நாலாவது தடவை கேட்பவன் கடன் கொடுத்தவன்.
புரியாத கட்டளை வந்தால்?
புரியவில்லை என்று சொல்லும். சும்மா இருக்காது.
சும்மா இருக்க அறுந்த வயருக்கும் தெரியும்.

ஒன்பது பக்கம். கடைசி வரியில்
'கேள்விக்குப் பதில்: ஓர் எண்'
என்று எழுதிக் கையெழுத்திட்டோம்.

ஆகஸ்டில் ஒரு விடிகாலை
நீரிணைக்கு அக்கரையில், போர்வெனீர் படகுத்துறையிலிருந்து
நிபால்தோ ஓயார்சோ கூப்பிட்டார்.
உங்கள் திரையில்
மணிக்கு அறுநூற்றுப் பதினான்கு கிலோமீட்டர் அடிக்கிறது.
சைரன் ஊளையிடுகிறது. படகை நிறுத்திவிட்டேன்.
லாரியில் ஆடுகள் கத்துகின்றன.
ஆனால் நான் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறேன்,
தொப்பிகூடத் தலையில் இருக்கிறது.

பெட்டி சொன்னது அறுபத்தொன்று, புள்ளி, நான்கு.
அவருடைய கணினி சிலே நாட்டுக் கணக்கு படித்தது:
தசமத்துக்குக் கால்புள்ளி,
புள்ளி என்பது ஆயிரங்களுக்கு நடுவே விழும் தூசி.
துடைத்துவிட்டுச் சேர்த்துப் படித்தது.
நானும் பள்ளியில் கால்புள்ளி போட்டு வளர்ந்தவன்தான்.
பிழைச்செய்திகளைத் தேட வசதி என்று
என் கணினியை ஆங்கிலத்துக்கு மாற்றி வைத்திருந்தேன்.

'ஓர் எண்' என்ற இடத்தை
ஹிமேனா விரல்நகத்தால் கீறினாள். திட்டவில்லை.
எந்தக் குறி சரி என்று வாதிடவும் இல்லை.
புள்ளியே வேண்டாம்,
பத்தால் பெருக்கி முழு எண்ணாக அனுப்புகிறேன், என்றாள்.

இப்போது அதே காற்றுக்குப்
பெட்டி அறுநூற்றுப் பதினான்கு என்றே சொல்கிறது.
அது சரியான பதில்.

நிபால்தோ என் திரையை நம்புவதை விட்டுவிட்டார்.
கறுப்பு ஜன்னலைத் திறந்து
தானே தட்டுகிறார் அந்த ஒற்றை எழுத்தை,
கேள்விக்குறி, எண்டர்.
வந்த எண்ணின் கடைசி இலக்கத்தைக்
கட்டைவிரலால் மறைத்துப் படிக்கிறார்.
பிறகு வெளியே போய்
தொப்பி நிற்கிறதா என்று பார்க்கிறார்.