உடையும் எடை

என் வேலை உதட்டுச்சாயம் ஒடிப்பது.
க்ரேமா ஊருக்கு வெளியே, சோளக்காடு தாண்டி,
ஜன்னல் இல்லாத அறையில்
நாளைக்கு நூற்று இருபது.
குச்சியை உயர்த்திக் கொக்கியில் மாட்டி
எடையை ஏற்றிக்கொண்டே போவேன்.
எந்தக் கிராமில் கழுத்து முறிகிறதோ
அதைக் குறித்துக்கொள்வேன்.
ஒரு முத்தத்தின் எடை எவ்வளவு என்று
யாரும் கேட்டதில்லை.
கேட்டால் சொல்வேன், குறைவுதான்.

பிறகு அடுப்பு.
வெயிலில் நிறுத்திய காருக்குள்
மறந்துபோன கைப்பையாக நடிக்கும் அடுப்பு.
வியர்க்கிறதா, சாய்கிறதா, வாடை மாறுகிறதா.
உள்ளே இருப்பது எனக்குத் தெரியும்:
மெழுகு, துரு,
மீதியெல்லாம் விளக்கெண்ணெய்.
ஏளனமாகச் சொல்லவில்லை.
ஞாயிறு மாலை நானும் பூசிக்கொள்கிறேன்,
பதினோரு வருடமாக ஒரே செங்கல் நிறம்.

போன வருடம் எல்லோருக்கும் ஈர உதடு வேண்டியிருந்தது.
அதற்கு முந்தின வருடம் காய்ந்த உதடு,
சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி.
இந்த வசந்தத்தில் மிலானிலிருந்து உத்தரவு:
ஒன்றுமே பூசாதது போல ஒன்று.

ஒன்றுமில்லாததைச் செய்ய
நாற்பத்து மூன்று முறை ஆயிற்று.
முதல் ஒன்றுமில்லை, காய்ச்சல்காரியின் உதடு.
ஒன்பதாவது, பல் பிடுங்கிக்கொண்டு வந்தவள்.
இருபதாவதில் எங்கிருந்தோ நீலம் ஏறிற்று.
துருவை ஊசிமுனையளவு கூட்டுவேன், குறைப்பேன்,
முன்கையில் கோடு கோடாக இழுப்பேன்.
மாலைப் பேருந்தில் ஒரு குழந்தை
என் கையை எண்ணிக்கொண்டே வந்தது.

நாற்பத்து மூன்றாவது
இழுத்ததும் காணாமல் போனது.
கைதட்டினார்கள்.
மேலாளர் தொனினெல்லி கேக் வாங்கி வந்தார்.

அச்சு அறையிலிருந்து அஃபுவாவும் வந்தாள்.
குமாசியில் பிறந்து ப்ரெஷாவில் வளர்ந்தவள்,
இங்கே எனக்கு முன்பே சேர்ந்தவள்.
ஒரு கையில் கேக்.
மற்றதை நீட்டினாள்,
உப்பை இப்படிக் கொடு என்பது போல.
இழுத்தேன்.

தார்ச்சாலையில் அடித்த வெள்ளைக் கோடு.

"வண்டி ஓட்டலாம்" என்றாள்.
சிரித்தோம்.
சிரிப்பு முடிந்தும் கோடு இருந்தது.
பஞ்சால் துடைத்தேன், எண்ணெயால் துடைத்தேன்.
லேசில் போகாது.
அப்படிப் போகாமல் இருக்கத்தான்
எனக்குச் சம்பளம்.

ஒடித்த துண்டுகளுக்கென்று ஒரு வாளி உண்டு,
யாருக்கும் வேண்டாத பருவங்களின் சிவப்புகள்.
ஷிப்ட் முடிந்தபின் அதைக் கிளறினோம்.
அவள் கீழுதட்டை விரலால் இழுத்துக் காட்டினாள்:
"உள்ளே ஒரு நிறம், விளிம்பில் ஒரு நிறம்.
என் ஒன்றுமில்லை இரண்டு."
கரண்டியில் உருக்கினேன்.
கருந்துரு கேட்டாள், போட்டேன்.
இன்னும் என்றாள்.
கடைசிப் பேருந்து போகும் சத்தம் கேட்டது.
ஏழாவது கரண்டியை அவளே அச்சில் ஊற்றினாள்,
பாதி இது, பாதி அது, நடுவே தையல் தெரியாமல்.

பூசிக்கொண்டு கைபேசியில் பார்த்தாள்.
அழகு என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.
வீடெல்லாம் தேடிய சாவி
சட்டைப்பையிலேயே இருந்ததைக் கண்டவள் போல
கொஞ்சம் எரிச்சலாக இருந்தாள்.

மிஞ்சிய ஒன்றைக் கொக்கியில் மாட்டினேன், பழக்கம்.
நாற்பத்து மூன்றைவிட
ஆறு கிராம் கூடுதலாகத் தாங்கியது.
படிவத்தில் எல்லாம் நிரப்பினேன்.
பெயர்க் கட்டத்தை மட்டும் நாங்கள் தொடக்கூடாது,
பெயர்கள் மிலானில் பிறக்கும்.
அஃபுவா என்றால்
வெள்ளிக்கிழமை பிறந்தவள் என்று அர்த்தமாம்.
வெள்ளிக்கிழமை என்று எழுதிவைத்தேன்.

மறுநாள் தொனினெல்லி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
"கிழமையைப் பெயர்க் கட்டத்தில் எழுதியிருக்கிறாய், நிவெஸ்" என்றார்.
அடித்துவிட்டு
தேதிக்குப் பக்கத்தில் அழகாகத் திருத்தி எழுதினார்.

நாங்கள் அதைச் செய்தது
செவ்வாய்.