முழுப்பேர்

தலவாக்கலையில் ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடி.
கீழே யாரோ தகரம் வெட்டுகிறார்கள்.
நான் ஏழாம் பதிப்பின்
மாற்றப் பட்டியலை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பொத்தானுக்கு இனி மூன்று அளவு.
நாட்காட்டி ஞாயிறில் தொடங்கும்,
திங்களில் என்றாலும் மறுக்காது.
வரியின் உயரத்தைக் கூட்டியிருக்கிறோம்:
மெய்யெழுத்தின் புள்ளியைப்
பெட்டியின் கூரை இனிச் சீவாது.
இருள் நிறம் புதியது.
ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கும் நீர்த்தேக்கம்
கரண்ட் போன ஒரு மாலையில்
ஜன்னலுக்கு வெளியே கறுத்துக் கிடந்தது.
அதிலிருந்து எடுத்தேன்.

ஒஸ்லோவில் ஒருவர் இந்தப் பெட்டிகளை அடுக்கி
ஹோட்டல் அறை விற்கிறார்.
இன்னொருவர் எங்கேயோ
பல் பிடுங்க நாள் கொடுக்கிறார்.
என்னை அவர்களுக்குத் தெரியாது,
தெரியவும் வேண்டாம்,
பொத்தான் அமுங்கினால் சரி.

மிச்சம் இரண்டு வரி.
அதற்குத்தான் காலையிலிருந்து
தேத்தண்ணி ஆறுகிறது.

மேமாதம் ஒரு தோட்டக் கந்தோருக்குப் போனேன்,
எங்கள் பெட்டிகளில் கொழுந்துக் கணக்கு
எப்படி ஏறுகிறது என்று பார்க்க.
கிளாக்கர் இதயச்சந்திரன் நல்ல மனிதர்,
எனக்குக் கதிரை துடைத்துப் போட்டார்.
பதினெட்டு என்று அடித்தார்.
அடுத்த ஆளைத் தேடி
மவுஸின் சில்லை உருட்டினார்.
அம்புக்குறி இன்னும் எண்ணின் மேலேயே நின்றது.

பதினெட்டு பதினேழானது.

சத்தம் இல்லை.
விளிம்பு சிவக்கவில்லை.
'நிச்சயமா?' என்று ஒரு சாளரமும் எட்டிப் பார்க்கவில்லை.

பதினெட்டுக் கிலோவுக்கு ஒரு பேர்.
பதினேழுக்கு அரைப்பேர், அரைச் சம்பளம்.
இது தோட்டத்தில் பிறந்த எவருக்கும் தெரியும்.
எனக்கும் தெரியும்.

அந்த எண்ணுக்குப் பக்கத்துப் பெட்டியில்
'முத்துக்க…' என்றிருந்தது.
கீழ்வரியிலும் 'முத்துக்க…'
ஒருத்தி முத்துக்கருப்பாயி, மற்றவள் முத்துக்கலா.
இடம் போதாவிட்டால் மூன்று புள்ளி வைக்கச் சொல்லி
நான்காம் பதிப்பில் எழுதியவள் நான்.
அழகாக இருந்தது அப்போது.
நூற்றிருபது பிக்சலில்
அதுவும் அரைப்பேர்தான்.

மறுநாள் கம்பி ஜன்னலுக்கு வெளியே
ஈரப் படங்கு இடுப்பில் கட்டியபடி அவள்:
"நான் தராசப் பாத்தேன் ஐயா, பதினெட்டு."
"சிஸ்டம் பதினேழுன்னு காட்டுதே."

சிஸ்டம் என்றால் நான்.
சிவப்பு ஸ்வெட்டரோடு
அலுமாரிக்குப் பக்கத்தில்தான் நின்றேன்.
காரணம் விளங்க அரைமணி போனது.
விளங்கியபோது அவள் மலைக்கு ஏறியிருந்தாள்.
விளங்கிய பிறகும்
கிளாக்கரிடம் உடனே சொன்னேனா?
இல்லை. முதலில் குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன்.
பிழைக்கு ஒரு இலக்கம் போட்டேன்.
மூன்று கிழமை கழித்துப் போனில் சொன்னபோது
"மாதக் கணக்கு மூடியாச்சே, மிஸ்" என்றார்.

கொழும்பிலிருந்து ஹசித எழுதுகிறான்:
சிறு திருத்தங்கள் என்ற தலைப்பின் கீழ்
கடைசியாகப் போட்டுவிடு,
ஒரு வரிக்கு மேல் யார் வாசிக்கப் போகிறார்கள்.

அவன் சொல்வது சரி. யாரும் வாசிப்பதில்லை.
நான் மேலே கொண்டுவருகிறேன்,
பொத்தானுக்கும் நாட்காட்டிக்கும்
அந்த அழகான கறுப்புக்கும் மேலே:

எண் பெட்டி: பக்கத்தை உருட்டும்போது மதிப்பு மாறாது.
பெயர்ப் பெட்டி: நீண்ட பெயர் அடுத்த வரிக்கு மடியும், வெட்டுப்படாது.

கீழே தகரம் வெட்டுவது நின்றுவிட்டது.
இன்னும் ஒன்று எழுத வேண்டும்,
எல்லாப் பதிப்பிலும் எழுதும் வழக்கமான வாக்கியம்,
இதுவரை யோசிக்காமல் ஒட்டியது:

இந்த மாற்றங்கள்
முன்பு பதிந்த தரவுகளைத் திருத்தாது.